ஒன்பது வயதுக் காரை மாற்றலாமா?

கேள்வி: நான் மடிப்பாக்கத்தில் வசிக்கிறேன், கிண்டியில் ஒரு தனியார் நிறுவனத்தில் பணிபுரிகிறேன். 2017 மார்ச்சில் வரி, காப்பீடு எல்லாம் சேர்த்து ஆன்ரோடு 7.20 லட்சம் ரூபாய் விலையில் 1.2 லிட்டர் பெட்ரோல் கார் ஒன்றை வாங்கினேன். இரண்டு ஏர்பேக்கும், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ்ஸும் உள்ள மாடல். இதுவரை 78,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஐந்தாண்டுக் கடன் 2022-இல் முடிந்துவிட்டது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் இருக்கையின் அடிவரை தண்ணீர் ஏறியது. காப்பீட்டின் மூலம் சரிசெய்துகொண்டோம். அண்மையில் சர்வீஸுக்கு விட்டபோது டயர், கிளட்ச், சஸ்பென்ஷன், பேட்டரி எல்லாம் சேர்த்து 62,000 ரூபாய் ஆகும் என்றார்கள். கூடவே, பழைய காரை 2.60 லட்சத்துக்கு எடுத்துக்கொண்டு ஆன்ரோடு 13 லட்சத்தில் புதிய எஸ்யூவி ஒன்றைத் தருவதாகவும், ஜிஎஸ்டி குறைந்திருப்பதால் இதுவே தக்க தருணம் என்றும் சொல்கிறார்கள். கையிலிருந்து 1.40 லட்சம் போட்டு, 9 லட்சம் கடன் வாங்க வேண்டிவரும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுவதே புத்திசாலித்தனம் என்கிறார்கள் அலுவலக நண்பர்கள். பதினைந்து ஆண்டும் ஓட்டித் தீர்க்க வேண்டும் என்கிறார் என் மைத்துனர். பதினைந்து ஆண்டு முடிந்தால் காரை ஓட்டவே முடியாது என்றும் கேள்விப்படுகிறேன். என் மனைவியும் இந்தக் காரை ஓட்டுகிறார். மகன் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறான். நான் என்ன செய்யலாம்?

மோட்டார் வாகன மதிப்பீட்டாளரின் பதில்:

அன்புள்ள வாசகருக்கு, வணக்கம். முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தக் காரை இன்னும் ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் வைத்திருங்கள். 62,000 ரூபாய் மதிப்பீட்டில் தேவையானதை மட்டும் செய்துகொள்ளுங்கள். ஆனால், கடிதத்தின் நடுவில் நீங்கள் ஒரே வரியில் சொல்லிக் கடந்துபோன 2023 வெள்ளம்தான் உங்கள் காரைப் பொறுத்தவரை வயதையும் கிலோமீட்டரையும் விட முக்கியமான செய்தி. அதன் பாதிப்பு எவ்வளவு என்பதைச் சோதித்து அறிந்த பிறகே ஒரு ரூபாயாவது செலவழியுங்கள். அந்தச் சோதனையில் கார் தேறவில்லை என்றால் என் ஆலோசனையும் மாறிவிடும்.

முதலில் ஐந்தாண்டுக் கணக்கைப் பார்ப்போம், ஏனெனில் உங்கள் நண்பர்கள் மட்டுமன்றிச் சென்னையில் மாதச் சம்பளம் வாங்கும் பலரும் அதை ஒரு விதிபோல நம்புகிறார்கள். ஐந்தாம் ஆண்டு முடிவில் காரில் எந்தப் பெரிய மாற்றமும் நிகழ்வதில்லை. மாறுவது காரைச் சுற்றியுள்ள காகிதங்கள்தான். பெரும்பாலானோர் வாங்கும் கடன் அப்போது முடிகிறது. நீட்டிக்கப்பட்ட வாரண்டி அந்தச் சமயத்தில் தீர்ந்துபோகிறது. தேய்மானம் கழிக்காமல் இழப்பீடு தரும் ஜீரோ டெப் காப்பீட்டைப் பல நிறுவனங்கள் அத்துடன் நிறுத்திக்கொள்கின்றன. கடன் முடிந்ததை அறிந்த வங்கியிலிருந்தும் ஷோரூமிலிருந்தும் தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்குகின்றன. இவையெல்லாம் ஒரே நேரத்தில் கூடுவதால், கார் கிழடாகிவிட்டது என்ற எண்ணம் நமக்கு உண்டாகிவிடுகிறது. உண்மையில், நன்றாகப் பராமரித்த பெட்ரோல் காருக்கு ஐந்து வயது என்பது நடுப்பருவம்கூட அல்ல. தவணை கட்டி முடித்த அந்தத் தருணத்தில் காரை விற்பது, தென்னங்கன்றை நட்டு ஐந்தாண்டு தண்ணீர் ஊற்றிவிட்டுப் பாளை விடும்போது தோப்பை அடுத்தவருக்கு எழுதிக்கொடுப்பதை ஒத்தது.

காரின் மதிப்பு ஆண்டுதோறும் ஒரே அளவில் குறைவதில்லை என்பதே இதற்குக் காரணம். காப்பீட்டு நிறுவனங்கள் வாகனத்தின் மதிப்பைக் கணக்கிடப் பயன்படுத்தும் அட்டவணை, ஆறு மாதம் தாண்டியதும் 15 சதவீதத்தையும், ஓராண்டு தாண்டியதும் 20 சதவீதத்தையும், நான்கு ஆண்டு தாண்டியதும் 50 சதவீதத்தையும் கழித்துவிடுகிறது. சந்தை விலை அந்த அட்டவணையை அப்படியே பின்பற்றுவதில்லை என்றாலும், தொடக்கத்தில் செங்குத்தாக விழுந்து பின்னர் சரிவு தணியும் போக்கு இரண்டுக்கும் பொதுவானது. உங்கள் காரையே எடுத்துக்கொள்வோம். 2022-இல் அதை விற்றிருந்தால் ஏறத்தாழ 4 லட்சம் கிடைத்திருக்கும் என்று கொண்டால், முதல் ஐந்து ஆண்டுகளில் ஆண்டுக்கு 64,000 ரூபாய் வீதம் மதிப்பை இழந்திருக்கிறீர்கள். அதன் பிறகான நான்கு ஆண்டுகளில் ஆண்டுக்கு 35,000 ரூபாய்தான் இழந்திருக்கிறீர்கள், அதுவும் தவணை ஏதும் இல்லாமல். ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்றுகிறவர், செங்குத்தாக விழும் அந்தப் பகுதியை மட்டுமே திரும்பத் திரும்ப விலைகொடுத்து வாங்குகிறார்.

தமிழ்நாட்டில் இருப்பவர்கள் இதனுடன் ஆயுள் வரியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்; நண்பர்களுக்கிடையே நடக்கும் பேச்சில் இது ஏனோ இடம்பெறுவதே இல்லை. 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட விகிதப்படி, 5 லட்சம் வரையிலான புதிய காருக்கு விலையில் 12 சதவீதம், 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம், 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீதம் என்று வரி வாங்கப்படுகிறது. நீங்கள் பார்த்திருக்கும் காரின் ஷோரூம் விலை பத்தரை லட்சத்தை ஒட்டி இருக்கும் என்று ஊகிக்கிறேன். அப்படியானால் நீங்கள் தரும் 13 லட்சத்தில் கிட்டத்தட்ட 1.90 லட்சம் இந்த வரிக்கே போகிறது. பெயருக்கு ஏற்ப அது வாகனத்தின் ஆயுளுக்கான வரி. அதைக் கட்டிவிட்டு ஐந்தாம் ஆண்டில் காரை விற்கிறவர் மீதி ஆண்டுகளுக்கான பங்கை வாங்குபவரிடம் தனியாகக் கேட்டு வாங்குவதில்லை. அடுத்த காருக்கு முழு வரியையும் மறுபடியும் கட்டுகிறார். பதினைந்து ஆண்டுகளில் மூன்று கார்கள் என்றால் மூன்று முறை ஆயுள் வரி. இன்னொன்றும் கவனியுங்கள்: 10 லட்சம் என்ற எல்லையைச் சற்றே தாண்டும் மாடலுக்கும் அதற்குச் சற்றே கீழே உள்ள மாடலுக்கும் வரியில் மட்டும் அரை லட்சம் ரூபாய் வித்தியாசம் வருகிறது. சன்ரூஃபுக்கு ஆசைப்பட்டு ஒரு படி மேலே போகிறவர்கள் இதைக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பார்க்கிறார்கள்.

இப்போது உங்கள் முன்னுள்ள இரண்டு வழிகளுக்கும் நான்கு ஆண்டுக் கணக்கு. பழைய காரை வைத்துக்கொண்டால், இன்றைய 2.60 லட்சம் நான்கு ஆண்டுகளில் 1.40 லட்சமாகக் குறையலாம்; அது ஆண்டுக்கு 30,000 ரூபாய். இப்போதைய 62,000 ரூபாயை முழுமையாகவே செலவழித்து, வழக்கமான சர்வீஸுக்கு மேல் ஆண்டுதோறும் 25,000 ரூபாய் பழுதுக்கு ஒதுக்கினால் ஆண்டுக்குச் சராசரியாக 40,500 ரூபாய். காரில் முடங்கியிருக்கும் பணத்தை வைப்புநிதியில் போட்டிருந்தால் கிடைத்திருக்கும் வட்டி சராசரியாக 14,000 ரூபாய். ஆக மொத்தம் ஆண்டுக்கு 85,000 ரூபாய்க்குள் அடங்கும்.

புதிய காரை வாங்கினால், 13 லட்சத்துக்கு வாங்கியது நான்கு ஆண்டு கழித்து 6.80 லட்சத்துக்குப் போகும் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு 1.55 லட்சம் மதிப்பு இழப்பு. 9 லட்சம் கடனுக்கு 9 சதவீத வட்டியில் ஐந்தாண்டுத் தவணை மாதம் சுமார் 18,700 ரூபாய். அதில் முதல் நான்கு ஆண்டுகளில் வட்டியாக மட்டும் போவது சுமார் 2.10 லட்சம், அதாவது ஆண்டுக்கு 52,500 ரூபாய். பழைய காரின் மதிப்பும் கையிருப்பும் சேர்ந்து நீங்கள் போடும் 4 லட்சத்துக்கான வட்டி இழப்பு ஆண்டுக்கு 28,000 ரூபாய். கூட்டினால் 2.35 லட்சம் வருகிறது. தவணையில் அடையும் அசலுக்கான வட்டி இழப்பை நான் சேர்க்கவில்லை. புதிய காரின் கூடுதல் காப்பீட்டு பிரீமியத்தையும் பழைய காரின் கூடுதல் சர்வீஸ் செலவையும் ஒன்றுக்கொன்று சரியாகப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். இவற்றில் சில எண்கள் என் ஊகங்களே. உங்களுக்குச் சரியெனப் படுகிறபடி அவற்றைக் கூட்டியோ குறைத்தோ போட்டுப் பாருங்கள். பழுதுச் செலவை நான் சொன்னதைப்போல இரண்டு மடங்காக ஆக்கினாலும் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் வித்தியாசம் நிற்கும்.

இங்கே பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. பழுதுக்கான மதிப்பீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, “இரண்டரை லட்சம் பெறும் காருக்கு அறுபதாயிரம் செலவா?” என்று கேட்கிறார்கள். அந்த ஒப்பீடே பொருந்தாதது. செலவழிக்கப்போகும் 62,000 ரூபாயை ஒப்பிட வேண்டியது காரின் விலையோடு அல்ல, அதைச் செலவழிக்காவிட்டால் நீங்கள் கட்டவிருக்கும் தவணையோடு. புதிய காருக்கான நான்கு மாதத் தவணை ஏறத்தாழ 75,000 ரூபாய். அந்த நான்கு மாதப் பணத்துக்கும் குறைவாகவே உங்கள் பழுது முழுவதும் முடிந்துவிடுகிறது.

மேலும், அந்த 62,000 ரூபாயைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நீங்கள் எழுதியிருக்கும் நான்கில், டயரும் பேட்டரியும் பழுதே அல்ல. தேய்ந்தால் மாற்ற வேண்டிய பொருள்கள். எந்தக் காராக இருந்தாலும், சென்னை வெயிலில் பேட்டரி மூன்று நான்கு ஆண்டுகளிலும், டயர் 40,000 முதல் 50,000 கிலோமீட்டரிலும் அல்லது ஆறு ஆண்டுகளுக்குள்ளும் மாற்றத்துக்கு வந்துவிடும். உங்கள் டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று பொறித்திருக்கும். முதல் இரண்டு இலக்கம் வாரத்தையும் கடைசி இரண்டு இலக்கம் ஆண்டையும் குறிக்கும். 3219 என்றிருந்தால் அது 2019-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரத்தில் செய்யப்பட்ட டயர். பள்ளம் ஆழமாக இருந்தாலும் அதை மாற்றிவிடுங்கள். 2022 என்று முடிந்தால் குழம்ப வேண்டாம், அது 2022-ஆம் ஆண்டின் இருபதாவது வாரம். கிளட்ச், வேளச்சேரிக்கும் கிண்டிக்கும் இடையே ஊர்ந்து ஊர்ந்து போகும் காரில் 78,000 கிலோமீட்டர் வந்ததே நல்ல உழைப்புதான். பெடலை உயரத்தில் விடும்போதுதான் கார் நகர்கிறது, ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் எஞ்சின் இரைகிறதே தவிர வேகம் ஏறவில்லை என்றால் மாற்றுங்கள், இல்லையேல் காத்திருக்கலாம். சஸ்பென்ஷனில் முழு ஷாக் அப்சார்பரும் போய்விட்டதா, அல்லது அதன் சிறு இணைப்புப் பாகங்களான புஷ்ஷும் லிங்க் ராடும் மட்டும் தேய்ந்திருக்கின்றனவா என்பதை வெளியே ஒரு நம்பகமான பட்டறையில் காரைத் தூக்கிப் பார்த்துக் கேளுங்கள். மெட்ரோ பணி நடக்கும் சாலைகளில் ஓடும் கார்களுக்குப் பெரும்பாலும் பின்னதுதான் கோளாறாக இருக்கிறது, செலவும் கால் பங்குதான். எஞ்சின் ஃப்ளஷ், ஏசி சுத்திகரிப்பு என்று மதிப்பீட்டின் கடைசியில் வரும் சில்லறை வரிகளை அடித்துவிடலாம். செலவைக் குறைக்கிறேன் என்று புதுப்பேட்டையில் பழைய பாகம் வாங்கிப் போடுவதைக் கதவுக் கைப்பிடி, விளக்கு, கண்ணாடி போன்றவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பிரேக், ஸ்டியரிங், சஸ்பென்ஷன் பாகங்கள் புதியவையாகவும் கார் நிறுவனத்தின் முத்திரை உள்ளவையாகவும் இருக்க வேண்டும்.

இனி, வெள்ளம். இருக்கையின் அடிவரை நீர் ஏறிய காரில் எஞ்சின் தப்பியிருக்கலாம். ஆனால் இன்றைய கார்களில் மின்கம்பிக் கற்றைகள் தரைவிரிப்புக்கு அடியில்தான் ஓடுகின்றன. பெரும்பாலான மாடல்களில் ஏர்பேக்கை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி, கியர் லீவருக்கு அருகில் நடுத் தரையோடு ஒட்டியே இருக்கிறது. சீட் பெல்ட்டை இறுக்கும் அமைப்பின் இணைப்புகள் முன் இருக்கைகளுக்கு அடியிலோ அவற்றை ஒட்டியோ செல்கின்றன. காப்பீட்டுப் பழுதின்போது தரைவிரிப்பை உலர்த்தி, இருக்கைகளைத் துவைத்து, எண்ணெய்களை மாற்றித் தருவார்கள். அன்று எல்லாம் வேலை செய்திருக்கும். இணைப்புகளுக்குள் தங்கிவிட்ட ஈரமும் சேற்று நீரின் உப்பும் செம்பை மெல்ல அரிப்பதால் கோளாறு உடனே தெரிவதில்லை. ஓராண்டு, இரண்டாண்டு கழித்து ஏர்பேக் விளக்கு விட்டுவிட்டு எரியும். ஒரு பக்க ஜன்னல் மட்டும் மழை நாளில் இறங்காது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த கார் காரணமின்றி ஸ்டார்ட் ஆகாது. ஒவ்வொன்றையும் தனித்தனிப் பழுதாக நினைத்து நாம் செலவழித்துக்கொண்டிருப்போம்.

எனவே, மின் வேலையில் தேர்ந்த ஒரு பட்டறைக்குப் போய், முன் இருக்கைகளைக் கழற்றித் தரைவிரிப்பைத் தூக்கச் சொல்லுங்கள். தரைத் தகட்டில் துரு, அதன் கீழ் ஈர நெடி, இணைப்புகளில் பச்சைப் பூப்பு ஆகிய மூன்றையும் நீங்களே கண்ணால் பாருங்கள். ஸ்கேனர் கருவியைப் பொருத்தி, எஞ்சினில் மட்டுமன்றி ஏர்பேக், ஏபிஎஸ் ஆகியவற்றிலும் பதிவாகியுள்ள பிழைக் குறியீடுகளைப் படிக்கச் சொல்லுங்கள். சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு சில நொடிகள் எரிந்து அணைய வேண்டும். எரியாமலே இருந்தாலும் ஐயப்படுங்கள், பல்பைக் கழற்றிவிட்டுக் காரைத் திருப்பித் தருகிறவர்களும் உண்டு. ஓரிரு இணைப்புகளில் மட்டும் பூப்பு இருந்தால் சுத்தம் செய்தோ மாற்றியோ சமாளிக்கலாம். கம்பிக் கற்றை நெடுக அரிப்பு ஓடியிருந்தாலோ, ஏர்பேக் பெட்டியின் உள்ளே நீர் புகுந்திருந்தாலோ, மேலே நான் போட்ட கணக்கை ஒதுக்கிவைத்துவிட்டுக் காரை விற்றுவிடுங்கள். விபத்தின்போது விரியாத ஏர்பேக்கோடு உங்கள் மனைவி அந்தக் காரை ஓட்டுவதற்கு எந்தச் சேமிப்பும் ஈடாகாது. விற்கும்போது வெள்ளத்தை மறைக்காதீர்கள்; காப்பீட்டுப் பதிவில் அது எப்படியும் இருக்கும்.

ஜிஎஸ்டி குறைந்ததைக் காட்டி அவசரப்படுத்துவது குறித்துச் சில சொற்கள். 2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டருக்கு உட்பட்ட, 1,200 சிசி வரையிலான பெட்ரோல் கார்களுக்கான வரி 28 சதவீதத்துடன் செஸ் எனும் மேல்வரியும் என்றிருந்தது 18 சதவீதமாகக் குறைந்தது உண்மை. ஆனால் அது தீபாவளித் தள்ளுபடி அல்ல. அடுத்த ஆண்டும் இருக்கக்கூடிய வரி விகிதம். புதிய கார் விலை இறங்கும்போது பழைய கார் விலையும் கூடவே இறங்குகிறது என்பதைப் பழைய காரைக் கொடுத்துப் புதியது வாங்குகிறவர் நினைவில் கொள்ள வேண்டும். எக்ஸ்சேஞ்ச் பேரத்தில் பழைய காருக்குக் கூட்டிக் கொடுப்பதைப் புதிய காரின் தள்ளுபடியில் குறைத்துக்கொள்ளும் பழக்கமும் உண்டு. ஆகையால் எப்போது மாற்றினாலும், எக்ஸ்சேஞ்ச் இல்லாமல் புதிய காரின் விலை என்ன என்பதைத் தனியாகவும், உங்கள் காருக்கு வெளியே இரண்டு மூன்று இடங்களில் என்ன தருவார்கள் என்பதைத் தனியாகவும் கேட்டு எழுதிவைத்துக்கொண்டு பேச உட்காருங்கள்.

பதினைந்து ஆண்டுத் தடை பற்றி நீங்கள் கேள்விப்பட்டது தில்லித் தலைநகர்ப் பகுதியின் கதை. பத்து ஆண்டு டீசல் வண்டிகளையும் பதினைந்து ஆண்டு பெட்ரோல் வண்டிகளையும் பற்றிய உத்தரவுகள் அந்தப் பகுதிக்கு உரியவை. இங்கே சொந்த உபயோகக் காரின் பதிவு பதினைந்து ஆண்டுகளுக்குச் செல்லும். உங்களுடையது 2032 மார்ச் வரை. அதன் பிறகு ஆர்டிஓ அலுவலகத்தில் படிவம் 25 கொடுத்து, வாகனத்தைச் சோதனைக்குக் காட்டி, ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். 2022 ஏப்ரலிலிருந்து அதற்கான கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்துவிட்டது. பசுமை வரியும் கட்ட வேண்டியிருக்கும். சட்டம் உங்கள் காரைத் தெருவில் இருந்து அகற்றப்போவதில்லை.

எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோல் பற்றியும் ஒரு குறிப்பு. 2023 ஏப்ரலுக்கு முந்தைய கார்களில் பெரும்பாலானவை அதற்கென வடிவமைக்கப்பட்டவை அல்ல. மைலேஜ் சற்றுக் குறையும். எரிபொருள் செல்லும் ரப்பர் குழாய்களும் கேஸ்கெட்டுகளும் விரைவில் இறுகக்கூடும். ஒவ்வொரு சர்வீஸிலும் அவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். மாற்றினாலும் பெரிய செலவில்லை. இதற்காக மட்டும் காரை மாற்ற வேண்டியதில்லை.

இவ்வளவு சொன்னதால் உங்கள் மைத்துனரின் கட்சியில் நான் சேர்ந்துவிட்டதாக அவர் மகிழ வேண்டாம். கடைசி மூச்சுவரை ஓட்டுவது எண்களில் பார்க்கும்போது மலிவாகத் தெரிந்தாலும், பத்து பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு செலவின் அளவைவிட அது எப்போது வரும் என்பதே தெரியாமல் போவதுதான் தொல்லை. கடற்கரையை ஒட்டிய பெசன்ட் நகர், திருவான்மியூர், கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கங்களில் வெளியே நிற்கும் கார்களில் அடித்தட்டும் சக்கர வளைவுகளும் அதற்கு முன்னரே துருப்பிடித்து ஓட்டையாகிவிடுகின்றன. எஞ்சின் நன்றாக இருக்க, உடல் உளுத்துப்போன கார்களை இந்த ஊரில் நிறையக் காணலாம். உதிரிபாகமும் ஒரு கேள்வி. ஷெவர்லே 2017 இறுதியில் இந்திய விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு 2021-இல் இங்கே உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. மறைமலை நகரில் செய்த காரையே வைத்திருப்பவர்களும் இன்று சில பாகங்களுக்குக் காத்திருக்க நேர்கிறது. பாதுகாப்பிலும் இடைவெளி பெருகிவருகிறது: 2019-இல்தான் ஏபிஎஸ் எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயமானது, காரின் வலிமையை நட்சத்திரமிட்டுச் சொல்லும் பாரத் என்கேப் சோதனை 2023 அக்டோபரில்தான் தொடங்கியது. உங்கள் காரில் இரண்டு ஏர்பேக்கும் ஏபிஎஸ்ஸும் இருப்பதால்தான் நான்கு ஆண்டு என்றேன். ஏர்பேக்கே இல்லாத அடிப்படை மாடலாக இருந்திருந்தால், குறைந்த விலையில் ஒரு புதிய காரையோ மூன்று ஆண்டு ஓடிய காரையோ இப்போதே பார்க்கச் சொல்லியிருப்பேன்.

அப்படியானால் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்றுவது யாருக்குமே பொருந்தாதா என்றால், பொருந்தும். ஆண்டுக்கு 30,000 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுகிறவருக்கு ஐந்தாண்டு என்பது ஒன்றரை லட்சம் கிலோமீட்டர். நள்ளிரவில் மருத்துவமனைக்கு ஓட வேண்டிய மருத்துவருக்குக் கார் ஒரு நாள் நின்றாலும் அது வேறு வகை இழப்பு. தொழில் செய்கிறவர், தொழிலுக்குப் பயன்படும் காருக்கு வருமான வரிக் கணக்கில் ஆண்டுக்கு 15 சதவீதம் தேய்மானம் காட்டிக்கொள்ள முடியும். சம்பளக்காரருக்கு அந்தச் சலுகை இல்லை. ஒன்பது ஆண்டில் 78,000 கிலோமீட்டர், அதாவது ஆண்டுக்கு ஒன்பதாயிரத்துக்கும் குறைவாக ஓட்டும் நீங்கள் இவர்களில் எவரும் அல்ல. புதிய காரின் மணமும் மகிழ்ச்சியும் வேண்டும் என்பதற்காக மாற்றுகிறவர்களையும் நான் குறை சொல்ல மாட்டேன். அது ஆசைக்கான செலவு என்று தெரிந்து செய்தால் போதும், சிக்கனம் என்று பெயர் சூட்ட வேண்டியதில்லை.

உங்கள் வீட்டுச் சூழலும் காத்திருப்பதற்கே சாதகமாக இருக்கிறது. மகனின் கல்லூரிக் கட்டணமும் 18,700 ரூபாய்த் தவணையும் ஒரே நேரத்தில் வந்து நிற்கும். அவனும் பதினெட்டு வயதாகி உரிமம் எடுத்து ஓட்டப் பழகும்போது, சுவரில் உரசும் முதல் கீறல் ஏற்கெனவே கீறல்கள் உள்ள காரில் விழட்டும். தவணை கட்டுவதாக நினைத்துக்கொண்டு இந்த மாதம் முதல் 12,000 ரூபாயை அஞ்சலகத்திலோ வங்கியிலோ தொடர் வைப்பில் போட்டுவாருங்கள். நான்கு ஆண்டுகளில் அது வட்டியோடு ஆறரை லட்சத்தை ஒட்டி வரும். பழைய கார் தரும் தொகையும் சேர்ந்தால், 2030-இல் நீங்கள் வாங்கும் காருக்கு இன்று நினைக்கும் கடனில் பாதிகூடத் தேவைப்படாமல் போகலாம். மின்சாரக் காரா பெட்ரோல் காரா என்ற கேள்விக்கும் அதற்குள் உங்கள் தெருவிலேயே விடை கிடைத்திருக்கும்.

இடைப்பட்ட ஆண்டுகளில் காப்பீட்டை மட்டும் சிக்கனம் கருதி மூன்றாம் தரப்பு அளவுக்குச் சுருக்கிவிடாதீர்கள். மடிப்பாக்கத்தில் நிற்கும் காருக்குச் சொந்தச் சேதக் காப்பீடு அவசியம். உங்கள் கார் வயதில் ஜீரோ டெப் கிடைப்பது அரிது என்பதால், பழுதின்போது உலோகப் பாகங்களின் விலையில் 40 சதவீதமும், பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களின் விலையில் 50 சதவீதமும் உங்கள் பங்காக வரும் என்பதை அறிந்துவையுங்கள். கனமழை எச்சரிக்கை வந்தால், வேளச்சேரிப் பாலத்தின் மேல் காரை நிறுத்துகிறவர்களைப் பார்த்துச் சிரிக்காமல் நீங்களும் முன்கூட்டியே ஒரு மேட்டுப் பகுதியைத் தேடிக்கொள்ளுங்கள். மீறித் தண்ணீர் ஏறிவிட்டால் ஸ்டார்ட் செய்து பார்க்கவே வேண்டாம். சிலிண்டருக்குள் புகுந்த நீரை எஞ்சின் அழுத்த முயன்றால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும், அதைக் காரணம் காட்டி இழப்பீட்டையும் மறுப்பார்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, இழுவை வண்டியை அழையுங்கள்.

2030-இல் விற்கும்போது இரண்டு வேலைகள் உண்டு. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 ஆகியவற்றில் கையெழுத்திட்டுக் கொடுத்ததோடு நின்றுவிடாமல், ஆர்சி புத்தகத்தில் பெயர் மாறியதைப் அரசின் பரிவாஹன் இணையதளத்தில் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. இழப்பீடு கோராத ஆண்டுகளுக்காகச் சேர்ந்திருக்கும் நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்கு உரியது, காருக்கு உரியதல்ல. அதற்கான சான்றிதழைக் காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்டு வாங்கினால் புதிய காரின் பிரீமியத்தில் கழித்துக்கொள்ளலாம். 2023-இல் இழப்பீடு வாங்கியதால் உங்கள் போனஸ் சுழியத்திலிருந்து மறுபடி தொடங்கியிருக்கும்; இனி இழப்பீடு கோராமல் இருந்தால் 2030-க்குள் அது உச்ச அளவான 50 சதவீதத்தை எட்டிவிடும். ஆகவே, இரண்டாயிரம் மூவாயிரம் ரூபாய்க்கான பம்பர் கீறலுக்கெல்லாம் அதுவரை இழப்பீடு கோராதீர்கள்.